இன்ஜின் நின்றால் இறக்கையும் நின்றுவிடுமா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானத்தின் பாகங்களைப் படத்தோடு விளக்கியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: நடுவானில் ஏதாவது கெட்டுப்போனால் என்ன ஆகும்? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். மாடல் பெயர் சொல்லாத இடங்களில் வரும் எண்கள் 172எஸ் மாடலுக்கு உரியவை. நீங்கள் ஓட்டுவது வேறு மாடல் என்றால் அதன் கையேட்டில் இருப்பதுதான் உங்களுக்குச் சட்டம்.

கார் மக்கர் பண்ணினால் ஓரங்கட்டலாம். விமானத்தின் ஒரே இன்ஜினும் நின்றுவிட்டால் கல் மாதிரி விழ வேண்டியதுதானே?
— ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

விழாது. விமானத்தைத் தாங்குவது இறக்கை. இறக்கைக்கு வேண்டியது அதன் மேல் ஓடும் காற்று. இன்ஜின் ஓடும்வரை அந்த வேகம் பெட்ரோலிலிருந்து வருகிறது. நின்ற பிறகு அதே வேகத்தை உயரத்தைச் செலவழித்து வாங்க வேண்டும். மேட்டிலிருந்து சைக்கிளை மிதிக்காமல் இறக்குகிறோமே, அதே கணக்கு.

முழு எடையில் இந்த விமானத்துக்கான சறுக்கு வேகம் 68 நாட், அதாவது மணிக்கு 126 கி.மீ. அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டால் ஒவ்வோர் 1,000 அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்றரை கடல்மைல், ஏறக்குறைய 2.8 கி.மீ. முன்னால் போகும். தரையிலிருந்து 5,000 அடியில் இருந்தால் எந்தத் திசையிலும் 14 கி.மீ. தூரம் உங்கள் கையில் இருக்கிறது. நேரம் ஆறரை நிமிடம். இது காற்று அசையாத நாளின் கணக்கு. 20 நாட் எதிர்க்காற்று வீசினால் அந்த 14 கி.மீ. பத்துக்கும் கீழே சுருங்கிவிடும். ஆகவே இறங்க இடம் தேடும்போது காற்று போகும் திசையில் முதலில் பார்ப்பது லாபம்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. தூரத்து வயல் எட்டாது போலத் தெரிந்ததும் கை தானாக மூக்கைத் தூக்கும். தூக்கினால் வேகம் குறையும், இழுவை கூடும், விமானம் இன்னும் முன்னதாகவே இறங்கும். எட்டாத வயல் மூக்கைத் தூக்குவதால் எட்டிவிடாது. 68-ஐ விடாமல் பிடித்துக்கொண்டு கிட்டத்தில் உள்ள வேறு வயலைப் பார்ப்பதுதான் வழி.

பயிற்சி விமானி மாணவி நான். இன்ஜின் நின்றால் செய்ய வேண்டியவை மனப்பாடம். ஆனால் ஏன் அந்த வரிசை என்று யாரும் சொல்லித் தரவில்லை.
— சேலம்

முதலில் வேகம், அடுத்து இடம், மூன்றாவதாகத்தான் இன்ஜின். நேரம் ஓடுகிற வேகத்தை வைத்துப் போட்ட வரிசை இது. பறந்துகொண்டிருந்த விமானத்தில் இன்ஜின் நின்றதும் கூடுதலாக இருக்கும் வேகம் சில நொடிகளில் கரைந்துவிடும். அதற்குள் மூக்கைச் சரிசெய்து 68-இல் ட்ரிம் (கை பிடிக்காமலே மூக்கை அதே நிலையில் நிறுத்தும் அமைப்பு) போட்டுவிட்டால் விமானம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்; உங்கள் கை மற்ற வேலைக்குக் கிடைக்கும். இடத்தை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம், நீங்கள் இன்ஜினோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு நிமிடமும் 750 அடி போய்க்கொண்டிருப்பதுதான். எந்தப் பக்கம் போய்க்கொண்டே மல்லுக்கட்டுவது என்று முதலில் முடிவாக வேண்டும்.

மறு ஸ்டார்ட்டுக்குக் கையைத் தரையிலிருந்து மேல்நோக்கி நகர்த்துங்கள். கீழே, எந்த டாங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஃபியூயல் செலக்டர் ‘இரண்டும்’ என்ற நிலையில் இருக்கிறதா? பெட்ரோலை அடைக்கும் ஷட்-ஆஃப் குமிழ் முழுக்க உள்ளே தள்ளியிருக்கிறதா? துணை பம்பை ஆன் செய்யுங்கள். காற்றோடு பெட்ரோல் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸ்சர் குமிழ் முழுக்க உள்ளே. சாவி ‘இரண்டும்’ நிலையில். ப்ரொப்பெல்லர் காற்றில் சுழன்றுகொண்டிருந்தால் ஸ்டார்ட்டர் தேவையில்லை. பெட்ரோலும் பொறியும் கிடைத்தாலே எடுத்துக்கொள்ளும். கார்புரேட்டர் உள்ள பழைய மாடலில் இதோடு, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட் குமிழையும் முழுக்க இழுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் கையால் பெட்ரோல் செலுத்தும் ப்ரைமர் பூட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ப்ரைமர் திறந்து கிடந்தால் இன்ஜின் அதன் வழியே தேவைக்கு மேல் பெட்ரோலை உறிஞ்சித் திணறும். பட்டியலில் பெட்ரோல் முதலில் வருவதற்கும் காரணம் உண்டு. உலோகம் உடைந்து நிற்கும் இன்ஜின்களோடு, ஒரு டாங்க் வற்றியதால், செலக்டர் தவறான இடத்தில் இருந்ததால், டாங்கில் தண்ணீர் சேர்ந்ததால் நிற்கும் நல்ல இன்ஜின்களும் ஏராளம். அவை பைலட் கையை வைத்ததும் திரும்ப ஓடும்.

ஓடவில்லையா? ரேடியோவில் ஆபத்து அழைப்பான ‘மேடே’ மூன்று முறை, எங்கே இருக்கிறீர்கள், என்ன நடந்தது, எங்கே இறங்கப் போகிறீர்கள். பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே சொல்லலாம்; யாரும் கேட்கவில்லை என்றால் அவசர அலைவரிசை 121.5. ரேடாருக்கு எண் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700. இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். கீழே இருப்பவர் உங்களுக்காக விமானத்தை இறக்க முடியாது.

இனி இன்ஜினை நீங்களே சாகடிக்க வேண்டும். மிக்ஸ்சர் வெளியே, ஷட்-ஆஃப் வெளியே, சாவி ஆஃப். மோதலில் குழாய் கிழிந்தாலும் தீப்பிடிக்கப் பெட்ரோலும் பொறியும் இருக்கக் கூடாது. மொத்த மின்சாரத்துக்குமான மாஸ்டர் சுவிட்சை மட்டும் கடைசிவரை அணைக்காதீர்கள். மெதுவாக இறங்க இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் ஃப்ளாப் மின்சாரத்தில் ஓடுவது. மாஸ்டர் போனால் ஃப்ளாப் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். வயல் உறுதியானதும் முழு ஃப்ளாப், அதன் பிறகு மாஸ்டர். கதவுத் தாழ்ப்பாளைத் தரை தொடும் முன்பே திறந்துவிடுங்கள். உடம்புச் சட்டம் கொஞ்சம் நெளிந்தாலும் கதவு சட்டத்தில் இறுகிவிடும். பிறகு உதைத்தாலும் திறக்காது.

தரை தொடும்போது எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, வால் தாழ்ந்து. 9 ஜி விசை (உடல் எடையைப் போல ஒன்பது மடங்கு) தாங்கி நிற்பதாக வைத்துக்கொண்டால் மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க மூன்று மீட்டருக்கும் குறைவான தூரம் போதும். 160-இல் வந்தால் பதினொரு மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. எதிர்க்காற்றில் இறங்கச் சொல்வதன் பொருளும் இதுதான்.

உங்கள் பக்கத்து நிலத்துக்கு ஒரு வார்த்தை. மேலிருந்து பச்சைப் பாய் விரித்தது போலத் தெரியும் நடவு வயல் முன்சக்கரத்தை விழுங்கி விமானத்தைக் குப்புறக் கவிழ்க்கும். வரப்பு குறுக்கே வராமல் நீளவாக்கில் இறங்கப் பாருங்கள். வற்றிய ஏரிப்படுகையும், அறுவடை முடிந்த புன்செயும் நல்ல இடங்கள். மின்கம்பி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கம்பியைத் தேடாமல் கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை ஆசை காட்டும். அதன் இரு ஓரமும் கம்பம், நடுவில் லாரி.

நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015-இல் தன் பழைய விமானத்தை கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார் என்று படித்தேன். விமான நிலையத்திலிருந்து அப்போதுதான் கிளம்பியவர், அங்கேயே திரும்பியிருக்கலாமே?
— க.ரா., சிவகாசி

திரும்பத்தான் பார்த்தார், எட்டாது என்று தெரிந்ததும் மைதானத்தில் இறங்கினார். 2015 மார்ச் 5, கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா. விமானம் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பயிற்சி விமானமான ரையன் பிடி-22. இறங்கும்போது ஒரு மரத்தின் உச்சி தட்டியது. பலத்த காயம், ஆனால் பிழைத்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்தபோது, பெட்ரோலை அளந்து விடும் பிரதான ஜெட் என்ற துளைத் திருகு, அது பொருந்தும் இடத்திலிருந்து மரை கழன்று கிடந்தது. அளவு தவறி பெட்ரோல் கொட்டியதால் கலவை தடித்து இன்ஜின் சக்தி இழந்தது. அவ்வளவு சின்னத் துண்டு! தோள் வாரைச் சரியாக வலுவூட்டாத இருக்கைச் சாய்வில் பொருத்தியிருந்ததும் காயத்தைக் கூட்டியது என்று அந்த அறிக்கை சொல்கிறது. பழைய விமானம் வைத்திருப்பவர்கள் இன்ஜினைப் பார்க்கிற அளவுக்கு வார் எதில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

திரும்புவது ஏன் கடினம் என்பதற்குக் கணக்கு. 172-ஐ 68 நாட் வேகத்தில் 30 பாகை சாய்த்துத் திருப்பினால் அது போடும் வட்டத்தின் விட்டம் சுமார் 430 மீட்டர். அதாவது 180 பாகை திரும்பி முடிக்கும்போது ஓடுபாதை உங்களுக்கு நேரே இருக்காது, பக்கத்தில் 430 மீட்டர் தள்ளி இருக்கும். அதை நோக்கி இன்னும் திரும்பி, பிறகு நேராக்க எதிர்ப்பக்கம் திரும்பி, மொத்தம் 270 பாகை. நொடிக்கு 9 பாகை வீதம் அரை நிமிடம் ஆகும். சாய்ந்து திரும்பும்போது இறங்கும் வேகமும் கூடுவதால் அதற்குள் 400 அடிக்கு மேல் போய்விடும். அதற்கு முன் ‘என்னது, நின்றுவிட்டதா’ என்று மலைத்து உட்கார்ந்திருக்கும் நாலு நொடிக்கு 50 அடி. ஆக, 400 அடியில் இன்ஜின் நின்று திரும்பத் தொடங்கினால் திருப்பத்தின் நடுவிலேயே தரை வந்துவிடும்.

வேகமாகத் திரும்ப 45 பாகை சாய்க்கலாமே என்பீர்கள். சாய்த்தால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது) 19 சதவீதம் ஏறும். 60 பாகையில் 41 சதவீதம். தரை கிட்டத்தில் தெரிகிற பதற்றத்தில் பின்னால் இழுக்கும் கையும் சேர்ந்தால் ஒரு இறக்கை ஸ்டாலாகி விமானம் சுழன்று விழும். நேராக முன்னால் இறங்கியவர் தோட்டத்து வேலியில் போய் நிற்பார். கையேடும் அதைத்தான் சொல்கிறது: ஃப்ளாப் இல்லாமல் 70 நாட், ஃப்ளாப் போட்டிருந்தால் 65, நேர் எதிரே இறங்கு, தடைகளை ஒதுக்க மட்டும் சிறிது திருப்பு.

எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்று ஒற்றை எண் கேட்காதீர்கள். காற்று, எடை, ஓடுபாதை நீளம், உங்கள் கை என எல்லாமே அதில் உண்டு. பாதுகாப்பான உயரத்தில், பயிற்றுநரோடு, இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடித் திரும்பிப் பார்த்து எவ்வளவு அடி இழக்கிறீர்கள் என்று அளந்துகொள்ளுங்கள். அதில் கிடைத்த எண்ணோடு பாதியைக் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது. அந்த எண்ணை ஓடுபாதை முனையில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். மேலே போய் யோசிக்க நேரம் இருக்காது.

கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். சென்னை வெயிலில் ஐஸா? கதை விடுகிறீர்களா?
— மெரினா காற்று வாங்கும் ஒருவர், சென்னை

சட்டையெல்லாம் பிசுபிசுக்கும் அந்த மெரினா காற்றுதான் குற்றவாளி. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைந்து குளிர்கிறது. அங்கேயே பெட்ரோல் ஆவியாகி இன்னும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்து உள்ளே வெப்பம் வெளியே இருப்பதைவிட 38 டிகிரி செல்சியஸ் அளவுக்குக்கூடக் குறையலாம். வெளியே 28 டிகிரி இருந்தாலும் உள்ளே உறைநிலைக்குக் கீழே போக அது போதும். காற்றில் ஈரம் இருந்தால் த்ராட்டில் தகட்டைச் சுற்றி வெண்பனி படியத் தொடங்கும். 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலே இருந்தால் வாய்ப்பு மிக அதிகம். 38 டிகிரி வெயிலிலும், 50 சதவீத ஈரப்பதத்திலும்கூட உண்டு என்று அமெரிக்க விமானத் துறையின் கையேடு சொல்கிறது. வடகிழக்குப் பருவமழை நாளில் மழை விட்ட காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆபத்தான நேரம் ஏறும்போது அல்ல, இறங்கும்போது. த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கீற்று இடைவெளிதான் இருக்கும். அதை அடைக்க எவ்வளவு பனி வேண்டும்? இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதால் சத்தத்தில் வித்தியாசமும் தெரியாது. ஓடுபாதைக்குச் சற்று முன் கொஞ்சம் சக்தி வேண்டும் என்று த்ராட்டிலைத் தள்ளும்போதுதான் விஷயம் தெரியும்.

அறிகுறி: நிலை உயரத்தில் பறக்கும்போது நீங்கள் தொடாமலே ஆர்.பி.எம். 50, 100 என்று நழுவும். பலர் த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளிச் சரிசெய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தள்ளுகிறார்கள். இரண்டாவது தள்ளலிலாவது சந்தேகம் வர வேண்டும். கார்ப் ஹீட் குமிழை முழுக்க இழுங்கள். பாதி இழுப்பது உதவாது. எக்ஸாஸ்ட் சைலன்சரைச் சுற்றிய தகரக் கூட்டிலிருந்து சூடான காற்று வரும். உடனே ஆர்.பி.எம். இன்னும் இறங்கும், உருகிய தண்ணீரைக் குடித்து இன்ஜின் இருமும், குலுங்கும். இங்கேதான் பயந்துபோய்க் குமிழைத் திரும்ப உள்ளே தள்ளுகிறார்கள். தள்ளாதீர்கள். அந்தக் குலுக்கலே மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சில நொடியிலிருந்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஆர்.பி.எம். பழைய அளவையும் தாண்டி ஏறும். தாமதிக்கவும் கூடாது: சூடு வருவது எக்ஸாஸ்ட்டிலிருந்து. இன்ஜின் நின்றுபோனால் எக்ஸாஸ்ட் ஆறிவிடும், மருந்தும் தீர்ந்துவிடும்.

1996-க்குப் பின் வந்த 172 மாடல்களில் கார்புரேட்டர் இல்லை, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். இந்த வியாதி அவற்றுக்கு வராது. செஸ்னா 152-க்கும் பழைய 172-க்கும் வரும்.

என் பைக்கில் பேட்டரி போனால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். விமானத்தில் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் போனால்?
— பிளஸ் டூ மாணவன், விருதுநகர்

இன்ஜின் பாட்டுக்கு ஓடும், தம்பி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். நான்கு சிலிண்டருக்கு எட்டு. அவற்றுக்குப் பொறி கொடுப்பவை இரண்டு மேக்னெட்டோக்கள். காந்தம் சுழன்று தானே மின்சாரம் உண்டாக்கும் பெட்டிகள் அவை. இன்ஜின் சுழலும்வரை பேட்டரியை எதிர்பார்க்காது. ஒரு மேக்னெட்டோ செத்தாலும் மற்றது நான்கு சிலிண்டரையும் ஓட்டும். நடுவானில் இன்ஜின் திடீரென்று குலுங்கினால் சாவியை ‘இடது’, ‘வலது’ என்று மாற்றிப் பார்ப்பார்கள். ஒன்றில் வைத்ததும் குலுக்கல் நின்றால், அந்த நல்ல மேக்னெட்டோவிலேயே வைத்துக்கொண்டு பக்கத்து விமான நிலையம்.

கிளம்பும் முன் 1,800 ஆர்.பி.எம்.மில் இதைச் சோதிப்பார்கள். ஒரு மேக்னெட்டோவுக்கு மாற்றினால் வேகம் கொஞ்சம் குறைய வேண்டும். ஒரே பிளக் பற்றவைக்கும்போது எரிதல் மெதுவாக நடப்பதால் அந்தக் குறைவு. 150-க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. கொஞ்சமும் குறையவில்லை என்றால் பலர் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அதுதான் மோசம். மேக்னெட்டோவை அணைக்கும் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். அப்படியானால் சாவியை எடுத்த பிறகும் அந்த மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். நின்றிருக்கும் ப்ரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் இன்ஜின் உதைக்கும். சாவி யார் பையில் இருந்தாலும் ப்ரொப்பெல்லரைத் தொடாதே என்று பயிற்றுநர்கள் கத்துவது இதனால்தான்.

ஆல்டர்னேட்டர் போனால் மின்னழுத்தம் 24.5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் எச்சரிக்கை விளக்கு எரியும். ரேடியோக்களின் மாஸ்டரை அணைத்து, ஆல்டர்னேட்டர் பிரேக்கர் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, ஆல்டர்னேட்டர் சுவிட்சை ஒரு தரம் அணைத்துப் போட வேண்டும். மின்னழுத்தம் கணத்துக்கு எகிறியதால் காப்புச் சாதனம் தானே துண்டித்திருந்தால் இதில் திரும்ப வந்துவிடும். வரவில்லையானால் பேட்டரியை அரை மணி நேரச் சொத்து என்று நினைத்துக்கொண்டு செலவைக் குறைக்க வேண்டும்: லேண்டிங் விளக்கு, பிட்டோ ஹீட்டர், இரண்டாவது ரேடியோ எல்லாம் ஆஃப். ரேடியோவும் அடங்கிவிட்டால் ட்ரான்ஸ்பாண்டரில் அதைச் சொல்லும் எண் 7600. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வரும் விளக்கைப் பார்க்க வேண்டும். நிலையாக எரியும் பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டு வட்டமடி. மின்னும் சிவப்பு என்றால் இங்கே இறங்காதே. ஃப்ளாப் வேலை செய்யாது; ஃப்ளாப் இல்லாமல் இறங்க ஓடுபாதை கூடுதலாகப் பிடிக்கும்.

பல நேரம் குற்றவாளி அறுந்த பெல்ட்தான். கார் மெக்கானிக் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். இந்த விமானத்தின் லைகமிங் கம்பெனி இன்ஜினில் பெல்ட் ஸ்டார்ட்டர் பல்சக்கரத்துக்குப் பின்னால் ஓடுவதால் ப்ரொப்பெல்லரையே கழற்ற வேண்டும்.

ஆயில் பிரஷர் முள் இறங்கிவிட்டது, ஆனால் இன்ஜின் நன்றாக ஓடுகிறது. நம்புவதா வேண்டாமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பக்கத்திலுள்ள ஆயில் வெப்ப முள்ளைக் கேளுங்கள். பிரஷர் மீட்டரில் பச்சைப் பகுதி 50 முதல் 90 பி.எஸ்.ஐ.; 20-க்குக் கீழே சிவப்பு. பிரஷர் இறங்கி, வெப்பமும் ஏறினால் ஆயில் உண்மையிலேயே போய்விட்டது. இன்ஜின் இறுகுவதற்கு அதிக நேரம் இல்லை. சக்தியைக் குறைத்து, இறங்க வயலைத் தேர்ந்துகொண்டு, இறங்கும்வரை தேவையான குறைந்த சக்தியில் ஓட்டுங்கள். வெப்பம் அசையவில்லையானால் மீட்டரோ ரிலீஃப் வால்வோ காரணமாக இருக்கலாம். ஆனாலும் அடுத்த விமான நிலையத்தில் இறங்கியாக வேண்டும். பழைய மாடல்களில் ஒரு மெல்லிய குழாய் ஆயிலையே மீட்டருக்குக் கொண்டுவரும். அது ஒழுகினால் காலில் சூடான ஆயில் சொட்டும். குழாயின் தொடக்கத்தில் சிறு துளை மட்டும் வைத்திருப்பதால் ஆயில் தொட்டி முழுவதும் ஒரேயடியாகக் காலியாகாது.

நான் ஐ.டி.ஐ. மெக்கானிக். இந்த இன்ஜின்களில் நாள்பட்டு வரும் கோளாறு எது? தடயம் முன்கூட்டியே தெரியுமா?
— கோவை

எக்ஸாஸ்ட் வால்வு ஒட்டிக்கொள்வது. சிறு விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். ஈயமும் கரியும் வால்வுத் தண்டுக்கும், அது ஓடும் குழலான கைடுக்கும் நடுவே கெட்டியாகப் படியும். தடயம் உண்டு. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் வேலைக்கு வராதது போல உதறும். ஓரிரு நிமிடத்தில் சூடேறித் தானே சரியாகிவிடும். லைகமிங்காரர்கள் இதற்கு மசக்கை வாந்தியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சரியாகிவிட்டதே என்று விட்டுவிட்டால் அடுத்த தடவை நடுவானில் ஒட்டும். திறந்தபடி ஒட்டினால் ஒரு சிலிண்டர் போகும். மூடியபடி ஒட்டினால் தள்ளுகோல் வளையும். நான்கில் ஒன்று போனால் கால்வாசி சக்திதானே என்று நினைக்காதீர்கள். குலுக்கலில் பறப்பதற்கே முழுக் கவனமும் போய்விடும். சக்தியைக் குறைத்து, குலுக்கல் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் த்ராட்டிலை வைத்துவிட்டு இறங்கப் பார்க்க வேண்டும்.

லைகமிங்கின் சர்வீஸ் புல்லட்டின் 388 இதற்கான சோதனையைச் சொல்கிறது: வால்வுத் தண்டை ஆட்டி அசைவை அளப்பது. அசைவு கூடினால் கைடு தேய்ந்திருக்கிறது. குறைந்தால் கரி அடைத்திருக்கிறது. அடைப்பை எடுக்கச் சிலிண்டரைக் கழற்ற வேண்டியதில்லை. பிளக் துளை வழியே நைலான் கயிற்றை உள்ளே விட்டு, பிஸ்டனை ஏற்றி வால்வு விழாமல் அணைத்துக்கொண்டு, ஸ்பிரிங்கைக் கழற்றி, கயிற்றை எடுத்த பின் ஒட்டிய வால்வை உள்ளே தள்ளி, கைடை ரீமர் போட்டுச் சுத்தம் செய்வார்கள். கயிற்றின் நுனி வெளியே இருக்கிறதா என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஃபில்டர் உள்ள இன்ஜினுக்கு ஆயில் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது நான்கு மாதத்துக்கு ஒரு முறை. பறக்காமல் நிறுத்தியே வைத்திருக்கும் விமானத்துக்கும் இது பொருந்தும். மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மினுக்கும் உலோகத் தூள் இருந்தால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் எஃகு, எங்கோ பல் அல்லது கேம் தேய்கிறது.

உங்கள் தொழிலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழுதுகளில் சில பட்டறையிலிருந்தே கிளம்புகின்றன. 2002 அக்டோபர் 3 அன்று டெக்சஸின் லூயிஸ்வில் அருகே ஒரு சிரஸ் எஸ்ஆர்22 விமானத்தின் எய்லரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) நடுவானில் ஒரு கீலிலிருந்து பிரிந்து தொங்கியது. பராமரிப்பு முடித்துத் திரும்ப மாட்டியபோது கீல் போல்ட் சரியாகப் போடப்படவில்லை. விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் அந்த மாடலில் உண்டு. பைலட் அதை இழுத்துப் பிழைத்தார். அந்தப் பாராசூட் உண்மையான அவசரத்தில் உயிர் காத்தது அதுவே முதல் தடவை. 172-இல் அது கிடையாது. ஆகவே பட்டறையிலிருந்து வந்த விமானத்தில் கட்டை விரல்களை மேல்நோக்கி நீட்டி, ஸ்டியரிங் போன்ற யோக்கைப் பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். விரல் சாயும் பக்கத்து எய்லரான் மேலே எழ வேண்டும். கேபிள் மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். வெறுமனே ‘அசைகிறது’ என்று பார்த்தால் தெரியாது.

கண்ணால் பார்த்துத் தெரியாததும் உண்டு. 2018 ஏப்ரல் 4 அன்று ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு பயிற்சி பைப்பர் பிஏ-28ஆர் விமானத்தின் இடது இறக்கை பறக்கும்போது முறிந்து, உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். இறக்கையின் முதுகெலும்பான முதன்மை ஸ்பாரின் போல்ட் துளையில் உலோகக் களைப்பு விரிசல். அடிக்கடி ஏறி இறங்குவதால் பயிற்சி விமானம் வாங்கும் சுமைகள் சாதாரண விமானத்தைவிட மிக அதிகம். அதன் பிறகு அமெரிக்காவில் அந்த வகை விமானங்களின் ஸ்பார் துளைகளை மின்சுழலால் விரிசலைக் கண்டுபிடிக்கும் எடி கரன்ட் கருவியால் சோதிக்கக் கட்டாய உத்தரவு வந்தது.

கால்பந்து வீரர் எமிலியானோ சாலா 2019-இல் இறந்த விபத்தில் விஷவாயு என்றார்களே, எப்படி?
— ஒரு வாசகர், காரைக்கால்

சிறு விமானத்தில் குளிருக்கான சூடு பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி எடுக்கும் காற்றிலிருந்து வருகிறது. குழாயில் மயிரிழை விரிசல் விட்டால் அதே வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. சாலா பயணம் செய்த பைப்பர் மலிபு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவர் ரத்தத்தில் அந்த வாயு ஏறிய அளவு 58 சதவீதம். பைலட்டும் அதே வாயுவால் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்று பிரிட்டன் விபத்து விசாரணைக் குழு முடிவு செய்தது. பறக்கும்போது தலைவலி, தூக்கம், வேலையில் சின்னச் சின்னத் தவறு வந்தால் ஹீட்டரை மூடி, வெளிக்காற்றுத் துவாரங்களைத் திறந்து, உடனே இறங்குங்கள். நிறம் மாறும் அட்டையைவிடச் சத்தம் போடும் மின்னணுக் கருவி மேல்; மயங்கத் தொடங்கிய மூளை அட்டையைத் திரும்பிப் பார்க்காது.

எலிவேட்டர் கேபிள் அறுந்தால் தப்ப முடியுமா?
— அதே மாணவி, சேலம்

முடியும். எலிவேட்டர் என்பது மூக்கை ஏற்றி இறக்க வாலில் அசையும் தகடு; ட்ரிம் சக்கரத்துக்குத் தனிக் கேபிள் இருக்கிறது. ஃப்ளாப் 20 பாகை, 65 நாட், ட்ரிம்மை அதற்குச் சரிசெய்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு இறங்கும் கோணத்தை த்ராட்டிலால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். தரைக்கருகில் த்ராட்டிலை மூடினால் மூக்கு கவிழும். ஆகவே மூடும் முன்பே ட்ரிம்மை முழுக்க மூக்கு-மேல் நிலைக்குச் சுற்றி, த்ராட்டிலைக் கொண்டு மூக்கைக் கிடையாக வைத்து, சக்கரம் தொட்ட பிறகு மூடுங்கள். பயிற்றுநரோடு உயரத்தில் ஒருமுறை கை வைக்காமல் ஓட்டிப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றியதும் விமானம் ஒன்றிரண்டு நொடி தாமதித்துத்தான் கேட்கும்.

பறக்கும்போது கதவு திறந்துகொண்டால்?
— பயந்த பயணி, மதுரை

படார் என்ற சத்தம், காதடைக்கும் காற்று, காகிதங்கள் பறக்கும். அவ்வளவுதான். காற்றழுத்தம் கதவைச் சில அங்குலத்துக்கு மேல் திறக்க விடாது. பெல்ட் போட்டவர் வெளியே விழ மாட்டார். இதில் விமானம் விழுவதென்றால், தரைக்கு 200 அடி மேலே கதவை இழுத்துச் சாத்தக் குனிந்த பைலட்டால்தான். உயரமாக ஏறி, 75 நாட் வேகத்தில் ட்ரிம் செய்து, கதவை ஒரு நொடி வெளியே தள்ளி, அதே வீச்சில் பலமாக உள்ளே இழுத்துத் தாழ் போடுங்கள். சாத்தவில்லையானால் விட்டுவிடுங்கள். திறந்த கதவோடும் சாதாரணமாக இறங்கலாம். சால்வையை மட்டும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.